எடிட்டிங் அறைக்கு 10ஜி கேபிள் போடப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

முகூர்த்தத்துக்கு மறுநாள் காலை எங்கள் ஸ்டுடியோவில் யாரும் வேலை பார்க்க மாட்டார்கள், டீ குடிப்பார்கள். ஃபைல் காப்பி ஆகிக்கொண்டிருக்கும். நான்கு கேமரா, ஒரு ட்ரோன், இரண்டு நாள் கல்யாணம் என்றால் 600 ஜிபி சாதாரணம். கீழே முன்கடையில் கார்டை இறக்கி, மாடியில் இருக்கும் நாஸுக்கு (எல்லாக் கம்ப்யூட்டரும் நெட்வொர்க் வழியாகத் திறக்கும் பொது ஸ்டோரேஜ் பெட்டி) அனுப்ப வேண்டும். அங்கிருந்து இரண்டு எடிட்டர்கள் எடுத்து வெட்ட வேண்டும். "கேபிளை மாற்றினால் சரியாகிவிடும்" என்று நினைத்து ஆரம்பித்தேன். ஏழு மாதம் ஆனது. சுவரை இரண்டு தடவை உடைத்தோம். வீணாய்ப் போன பொருள் மட்டும் 19 ஆயிரம் ரூபாய்.

இரண்டு முதல் ஐந்து கம்ப்யூட்டர், ஒரு நாஸ் அல்லது ஷேர் டிரைவ், சம்பளத்துக்கு ஐடி ஆள் கிடையாது என்ற நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஸ்டுடியோ, பிரிண்டிங் பிரஸ், ஆர்க்கிடெக்ட் ஆபீஸ், எதுவானாலும் கணக்கு ஒன்றுதான். விலைகள் நான் வாங்கியபோது கொடுத்தவை, ஜிஎஸ்டி சேர்த்து. உங்கள் ஊரில் முன்பின் இருக்கும்.

1. பணம் எடுக்கும் முன் அளந்து பாருங்கள்

20 ஜிபிக்குக் குறையாத ஒரே வீடியோ ஃபைலை எடுத்து ஒரு கம்ப்யூட்டரிலிருந்து நாஸுக்குக் காப்பி போடுங்கள். விண்டோஸ் காட்டும் வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆயிரம் போட்டோ உள்ள ஃபோல்டரை வைத்து அளக்க வேண்டாம். சின்ன ஃபைல்கள் எந்தக் கேபிளிலும் நொண்டிக்கொண்டுதான் போகும்.

நொடிக்கு 11 அல்லது 12 மெகாபைட் என்று நின்றால் உங்கள் லிங்க் 100 மெகாபிட்டில் ஓடுகிறது. ஒரு கிகாபிட்டுக்குக் கேபிளுக்குள் இருக்கும் நான்கு ஜோடி கம்பியும் வேலை செய்ய வேண்டும். ஒரு ஜோடி விட்டுப்போனாலும் பல நேரம் சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடும். விளக்கு எரியும், இன்டர்நெட் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. முனையை வெட்டிவிட்டுப் புது கனெக்டர் கிரிம்ப் பண்ணினால் (கருவியால் அழுத்திப் பொருத்தினால்) பாதிப் பேருக்குப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். செலவு ஒரு டீக்காசு.

110 முதல் 115 வரை அசையாமல் நின்றால் கிகாபிட் நிரம்பிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் வேண்டுமென்றால்தான் இந்தக் கட்டுரை.

40, 70, 30 என்று ஏறி இறங்கினால் கேபிளைத் திட்ட வேண்டாம். டிஸ்க், ஆன்டிவைரஸ், கார்டு ரீடர் இதில் ஏதோ ஒன்று. நான் ஒரு மாதம் நெட்வொர்க்கைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், கடைப் பையன் கார்டு ரீடரை யூஎஸ்பி 2 போர்ட்டில் சொருகியிருந்தான். அதில் நொடிக்கு 40 மெகாபைட்டைத் தாண்டவே தாண்டாது.

டிஸ்கை ஒதுக்கிவிட்டு நெட்வொர்க்கை மட்டும் அளக்க ஐபெர்ஃப்3 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டரிலும் ஓட்டினால் போதும். கிகாபிட் லிங்கில் அது சுமார் 940 மெகாபிட் காட்ட வேண்டும். கடைசிப் படியிலும் இது வேண்டியிருக்கும், இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நெட்வொர்க் பெட்டியில் போட்டிருப்பது மெகாபிட், கிகாபிட். 2.5ஜி, 10ஜி என்று சொல்வதும் நொடிக்கு 2.5, 10 கிகாபிட்தான். காப்பி விண்டோவில் தெரிவது மெகாபைட். எட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். "ஒரு கிகாபிட் என்றார்கள், 112தான் வருகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

2. உங்கள் டிஸ்க் எவ்வளவு கொடுக்கும்?

600 ஜிபி கல்யாணத்தை வைத்துக் கணக்குப் போடலாம். கிகாபிட்டில் ஒன்றரை மணி நேரம். 2.5ஜியில் நொடிக்கு 280 மெகாபைட் வரும், 36 நிமிடம். 10ஜியில் 1,100 வரும், ஒன்பது பத்து நிமிடம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கம் வாங்கி எழுதுகிற டிஸ்க் என்ன? ஒற்றை ஹார்ட் டிஸ்க் என்றால் 150 முதல் 250 மெகாபைட்தான். அதற்கு 10ஜி போடுவது மாட்டு வண்டிக்கு பைபாஸ் ரோடு போடுகிற கதை, 2.5ஜியே தாராளம். சாட்டா எஸ்எஸ்டி 550 வரை போகும். நான்கு ஹார்ட் டிஸ்க் சேர்த்த ரெய்டு 400, 500 கொடுக்கும். 10ஜியை முழுசாக நிரப்ப என்விஎம்இ எஸ்எஸ்டி (மதர்போர்டில் நேராகச் சொருகும் வேகமான வகை) வேண்டும், அதுவும் இரண்டு பக்கமும்.

அதிலும் மலிவான என்விஎம்இயில் ஒரு வித்தை உண்டு. முதல் சில பத்து ஜிபி பறக்கும். உள்ளே இருக்கும் கேஷ் (வேகமான தற்காலிக இடம்) நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கு இறங்கிவிடும். விளம்பரத்தில் முதல் பத்து நொடியைத்தான் காட்டுவார்கள்.

காப்பி போடாமல் நாஸிலிருந்தே நேரடியாக எடிட் செய்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. ஆல்-இன்ட்ரா (ஒவ்வொரு ஃப்ரேமையும் தனித்தனியாகச் சேமிக்கும் வகை) 4கே, 25 ஃப்ரேம் வீடியோ நொடிக்குச் சுமார் 250 மெகாபிட் கேட்கும். நான்கு கேமராவை மல்டிகேமில் ஒன்றாகத் திறந்தால் ஒரே எடிட்டரே ஒரு கிகாபிட்டை விழுங்கிவிடுவார். இரண்டாவது எடிட்டர் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் டைம்லைன் திக்கும். எங்களை 10ஜிக்குத் தள்ளியது இதுதான், காப்பி நேரம் இல்லை.

எங்கள் நாஸ் என்பது பழைய கம்ப்யூட்டரில் ட்ரூநாஸ் என்ற நாஸ் மென்பொருளை ஏற்றியது. நடப்பு வேலைக்கு 2 டிபி என்விஎம்இ, முடிந்த வேலைக்கு நான்கு ஹார்ட் டிஸ்க் என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

3. தூரத்தை வைத்துத்தான் கேபிள்

எந்தக் கேபிள் நல்லது என்று யாரிடமும் கேட்காதீர்கள். டேப் எடுத்து அளந்துவிட்டு, எது எதற்கு நடுவில் என்று ஒரு பேப்பரில் வரைந்துகொள்ளுங்கள். சுவர் வழியாக ஏறி, பரணில் போய், மறுபடி இறங்குகிற தூரத்தைச் சொல்கிறேன். பார்வைக்கு ஆறு மீட்டர் என்று நான் நினைத்தது பைப்புக்குள் 22 மீட்டராக வந்தது.

*ஒரே மேஜை, ஒரே ரேக்.* இரண்டு கம்ப்யூட்டரை மட்டும் இணைப்பதென்றால், இரண்டிலும் தண்டர்போல்ட் இருந்தால், ஒரு தண்டர்போல்ட் கேபிள் போதும். மேக்கில் தண்டர்போல்ட் பிரிட்ஜ் என்று தானாகவே வரும். 10ஜிக்குக் குறையாத வேகம் கிடைக்கும். கேபிள் இரண்டு மீட்டருக்கு மேல் போனால் விலை எகிறும், அதனால் மேஜைக்கு மேஜைக்குத்தான் இது.

தண்டர்போல்ட் இல்லையா, மூன்று நான்கு மெஷினா? அப்போது டாக் கேபிள். இரண்டு முனையிலும் எஸ்எஃப்பி ப்ளஸ் மாட்யூலோடு (10ஜி கார்டு, ஸ்விட்ச்சில் இருக்கும் ஓட்டையில் சொருகும் துண்டு) சேர்ந்தே வரும் தடித்த செம்புக் கேபிள் இது. 1 முதல் 3 மீட்டர் வரை 1,200 முதல் 2,500 ரூபாய். சூடாகாது, கரண்ட் குடிக்காது, கிரிம்ப் பண்ண வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் கடையில் கேட்டால் தெரியாது என்பார்கள், ஆன்லைனில் கிடைக்கும். ஒரே அறைக்குள் எனக்குப் பிடித்தது இதுதான். ஐந்து மீட்டர் தாண்டினால் யோசிக்காமல் விட்டுவிடுங்கள்.

*ஒரே மாடி, அறைக்கு அறை.* இங்கே வழக்கமான செம்புக் கேபிள். கேட் என்று தொடங்கும் எண்தான் அதன் தர வகை. ஏற்கெனவே சுவருக்குள் கேட் 5இ ஓடுகிறதா? உடைக்காதீர்கள். 2.5ஜி அதிலேயே 100 மீட்டர் வரை போகும். இரண்டு முனையிலும் நெட்வொர்க் கார்டு, ஸ்விட்ச் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி) இவற்றை மட்டும் மாற்றினால் போதும், ஒரே மதியத்தில் வேலை முடிந்தது. கேட் 6 என்றால் 10ஜி 55 மீட்டர் வரை போகும். ஆனால் பல கேபிள்களை ஒன்றாகக் கட்டி இழுத்திருந்தால் 37 மீட்டர் வரைதான் நம்பலாம். நம் ஊர் ஸ்டுடியோக்களுக்கு அதுவே அதிகம். கேட் 6ஏ 100 மீட்டருக்கும் 10ஜி கொடுக்கும். விலை கூட, தடிமனும் கூட, பழைய முக்கால் இஞ்ச் பைப்பில் இரண்டு கேபிள் நுழைப்பதற்குள் ஆளுக்கு வியர்த்துவிடும். புதுக் கட்டடம் என்றால் 6ஏ, இல்லையென்றால் நல்ல கேட் 6, அவ்வளவுதான்.

கேட் 7, கேட் 8 என்று தங்க நிற முனையோடு தட்டைக் கேபிள் காட்டுவார்கள். கேட் 7 கேபிளுக்கு உண்மையில் வேறு கனெக்டர். லான் கேபிளில் வழக்கமாக வரும் சாதாரண ஆர்ஜே45 முனை போட்டு விற்கிறபோதே அந்தப் பெயருக்குப் பொருள் போய்விட்டது. கேட் 8 உண்மையான பொருள்தான், 30 மீட்டருக்குள் 25ஜி, 40ஜி ஓட்டுகிற சர்வர் அறைகளுக்கானது. உங்களுக்கும் எனக்கும் வேண்டாம்.

*மாடிக்கு மாடி, கட்டடத்துக்குக் கட்டடம்.* ஃபைபர் போடுங்கள். இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஆல்பம் டிசைன் அறை முற்றத்துக்கு அந்தப் பக்கம், தனி மீட்டர், தனி எர்த். நடுவில் 15 மீட்டர் செம்புக் கேபிளை வெளியே இழுத்துக் கட்டியிருந்தோம். ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி. நேராக விழவில்லை, எங்கேயோ பக்கத்தில்தான். ஸ்விட்ச்சில் இரண்டு போர்ட், டிசைன் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் இருந்த லான் போர்ட், எல்லாம் போய்விட்டது. பவர் பக்கம் யூபிஎஸ் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. அடித்தது கேபிள் வழியாக. ஃபைபருக்குள் கண்ணாடி, கரண்ட் கடத்தாது. ஒரே கட்டடத்தில்கூட மாடிக்கு வேறு ஃபேஸ், வேறு மீட்டர் என்றால் இதே யோசனைதான்.

ஃபைபரில் இரண்டு சாதி. ஃபைபர் முனையைக் கார்டிலோ ஸ்விட்ச்சிலோ சேர்க்கும் சின்னத் துண்டுதான் மாட்யூல், அதுவும் சாதிக்கு ஒன்று. மல்டிமோட் ஓஎம்3, நீலப்பச்சை நிறம், எஸ்ஆர் மாட்யூல், 10ஜிக்கு 300 மீட்டர். சிங்கிள்மோட் ஓஎஸ்2, மஞ்சள் நிறம், எல்ஆர் மாட்யூல், 10 கிலோமீட்டர். இரண்டையும் கலக்கக் கூடாது. இரண்டு முனையிலும் ஒரே வகை மாட்யூல், நடுவில் அதற்கேற்ற கேபிள்.

இதில் ஒரு கண்ணி. தெருவில் இன்டர்நெட் போடுகிற ஃபைபர் ஆட்களிடம் சொன்னால் அவர்கள் கையில் இருக்கிற ட்ராப் கேபிளைப் போட்டு, நுனியில் பச்சைக் கனெக்டர் வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது சிங்கிள்மோட், எஸ்சி ஏபிசி முனை. எஸ்எஃப்பி ப்ளஸ் மாட்யூலில் நுழையவே நுழையாது. அவர்களை வைத்துச் செய்வதென்றால் "இரண்டு கோர் (இழை), இரண்டு முனையிலும் எல்சி யூபிசி" என்று முன்பே சொல்லிவிட்டு எல்ஆர் மாட்யூல் வாங்குங்கள். அந்த ட்ராப் கேபிளில் தாங்குகம்பியாக ஒரு இரும்புக் கம்பி வேறு ஓடும். அதைக் கட்டடத்துக்கு வெளியிலேயே பிரித்துக் கட்டிவிடச் சொல்லுங்கள். உள்ளே கொண்டுவந்தால் இடிக்குப் பயந்து ஃபைபர் போட்டதற்கே அர்த்தமில்லாமல் போகும்.

எனக்குச் சுலபமாக இருந்தது இன்னொரு வழி. இரு முனையும் கம்பெனியிலேயே முடித்து வரும் 30 மீட்டர் ஓஎம்3 பேட்ச் கார்டு, 2,000 ரூபாய்க்குள். ஸ்ப்ளைஸ் பண்ண (ஃபைபரை ஒட்ட) ஆள் வேண்டாம். எல்சி முனை நுழைகிற அளவுக்கு ஒரு இஞ்ச் பைப் வேண்டும், வளைவுகளில் எல்போ போடாமல் நீண்ட பெண்டு போட வேண்டும். மிஞ்சிய நீளத்தைத் தட்டு அளவுக்குச் சுருட்டி வையுங்கள், மடிக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஃபைபரின் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கக் கூடாது. வெளிச்சம் தெரியாது, ஆனால் லேசர் இருக்கும்.

4. கேபிள் வாங்கப் போகும்போது பிளேடு எடுத்துப் போங்கள்

நான் முதலில் வாங்கிய பெட்டியில் 'கேட் 6' என்று பெரிதாகத்தான் அச்சடித்திருந்தது. 305 மீட்டர், மற்றதைவிட மூவாயிரம் குறைவு. தூக்கும்போதே லேசாக இருந்தது. நல்லதாய்ப் போயிற்று, மாடிப்படி ஏற்றச் சுலபம் என்று நினைத்தேன். அறிவு அவ்வளவுதான். சுவரெல்லாம் பூசி முடித்த பிறகு இரண்டு பாயின்ட் (சுவரில் கேபிள் முடியும் இடம்) கிகாபிட்டில் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தது. ஒரு முனையை வெட்டி வெயிலில் பிடித்துப் பார்த்தோம். கம்பியின் வெட்டு முகம் வெள்ளி மாதிரி பளபளத்தது. மேலே மட்டும் செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். வியாபாரத்தில் சிசிஏ என்பார்கள். கேட் 6 தரத்தில் இதற்கு இடமே கிடையாது.

சோதிப்பது இப்படி. ஒரு அரை அடி வெட்டித் தரச் சொல்லுங்கள். கம்பியை உரித்து, பிளேடால் நீளவாக்கில் நன்றாகச் சுரண்டுங்கள். சுரண்டச் சுரண்டச் சிவப்பாகவே இருந்தால் செம்பு. வெள்ளை தெரிந்தால் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள். இரண்டு மூன்று தடவை மடக்கினாலே ஒடிகிறதா என்றும் பாருங்கள், அலுமினியம் சீக்கிரம் ஒடியும். வெட்டித் தர மாட்டேன் என்கிற கடையில் வாங்க வேண்டாம்.

உறையில் 23 ஏடபிள்யூஜி என்று இருந்தால் நல்லது, எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது. சுவருக்குள் போவது ஒற்றைக் கம்பி வகை, மேஜையில் ஆடுகிற பேட்ச் கார்டு பல இழை வகை. பேட்ச் கார்டை நீளமாக வாங்கிச் சுவருக்குள் போடாதீர்கள்.

5. கார்டு, மாட்யூல், ஸ்விட்ச்

2.5ஜிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். நெட்வொர்க் கார்டு 1,500 முதல் 2,500, ஐந்து போர்ட் ஸ்விட்ச் ஐந்தாயிரம் சுற்றி, லேப்டாப்புக்கு யூஎஸ்பி அடாப்டர் இரண்டாயிரம் சொச்சம். புது மதர்போர்டுகள் பலவற்றில் 2.5ஜி போர்ட் ஏற்கெனவே இருக்கும், பெட்டியைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

10ஜியில் ஆர்ஜே45 வழி, எஸ்எஃப்பி ப்ளஸ் வழி என்று இரண்டு. பழகிய முனை என்பதால் எல்லோரும் ஆர்ஜே45 பக்கம்தான் போவார்கள். அந்தப் போர்ட் ஒவ்வொன்றும் சில வாட் கரண்ட் குடிக்கும், சூடாகும், கார்டும் ஸ்விட்ச்சும் விலை அதிகம். எஸ்எஃப்பி ப்ளஸ் கார்டு, இன்டெல் எக்ஸ்520 மாதிரிப் பழைய சர்வரில் இருந்து கழற்றியது, 2,500 முதல் 4,000க்குக் கிடைக்கிறது. வாங்கும் முன் மூன்று விஷயம்.

உங்கள் மதர்போர்டில் கார்டு சொருகும் நீளமான ஸ்லாட் காலியா? சின்ன எக்ஸ்1 ஸ்லாட்டில் இது உட்காராது. கிராபிக்ஸ் கார்டு ஒன்றை எடுத்துக்கொண்டால் இன்னொரு நீள ஸ்லாட் இருக்க வேண்டும், அதில் குறைந்தது நான்கு லேன் (ஸ்லாட்டுக்குள் டேட்டா போகும் பாதை, லான் இல்லை) வர வேண்டும். நீளமாக இருப்பதாலேயே உள்ளே அத்தனை லேன் இருக்கும் என்று நம்பாதீர்கள், மதர்போர்டு மேனுவலில் போட்டிருக்கும். அடுத்தது டிரைவர். பழைய கார்டுகளைப் புது விண்டோஸ் கைவிட்டிருக்கலாம். வாங்குகிற மாடலின் பெயரையும் உங்கள் விண்டோஸ் பதிப்பையும் சேர்த்துத் தேடிப் பாருங்கள். மூன்றாவது, இன்டெல் கார்டு இன்டெல் கோடு (பிராண்டைச் சொல்லும் குறியீடு) ஏற்றிய ஃபைபர் மாட்யூலைத்தான் ஏற்கும். ஆர்டர் போடும்போது "இந்த முனை இன்டெல் கார்டுக்கு, அந்த முனை இன்ன ஸ்விட்ச்சுக்கு" என்று எழுதுங்கள். இரண்டு முனையும் ஒரே பிராண்டாக இருக்க வேண்டியதில்லை, எஸ்ஆர் என்றால் இரண்டும் எஸ்ஆராக இருந்தால் போதும்.

ஸ்விட்ச்சுக்கு நாங்கள் வாங்கியது மைக்ரோடிக் சிஆர்எஸ்305. நான்கு எஸ்எஃப்பி ப்ளஸ் போர்ட், ஒரு கிகாபிட் போர்ட், ஃபேன் கிடையாது, 15 ஆயிரம் சுற்றி. நாஸுக்கும் இரண்டு எடிட்டருக்கும் டாக் கேபிள், நான்காவது போர்ட்டிலிருந்து கீழ்க்கடைக்கு ஃபைபர், கிகாபிட் போர்ட்டில் ரவுட்டர். கச்சிதமாக உட்கார்ந்தது. எஸ்எஃப்பி ப்ளஸ் ஓட்டையில் மாட்டுகிற ஆர்ஜே45 மாட்யூலும் உண்டு. அவசரத்துக்கு ஒன்று சரி. ஃபேன் இல்லாத ஸ்விட்ச்சில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மாட்டினால் விரல் வைக்க முடியாத சூடு.

மொத்தச் செலவு இப்படி ஆனது: கார்டு நான்கு 13,000, டாக் மூன்று 5,000, மாட்யூல் இரண்டு 4,000, ஃபைபர் 2,000, ஸ்விட்ச் 15,000, பைப்பும் கூலியும் 4,000. ஆக 43 ஆயிரம். முதல் தடவையே இப்படிச் செய்திருந்தால் இதோடு முடிந்திருக்கும்.

இரண்டு கிகாபிட் போர்ட்டைச் சேர்த்துக் கட்டினால் இரண்டு மடங்கு வரும் என்று ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார். ஸ்விட்ச்சில் போர்ட்டுகளைச் சேர்க்கிற வழக்கமான முறையில் ஒரு காப்பி ஒரு போர்ட் வழியாகத்தான் போகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எடுத்தால்தான் பலன், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால்.

6. காகிதம்

வாய்ப்பேச்சில் வேலையை ஆரம்பிக்க வேண்டாம். கொட்டேஷனில் கேபிளின் பிராண்டு, வகை, 'முழுச் செம்பு' என்ற சொல், கம்பி அளவு, ஒரு பாயின்ட்டுக்குக் கூலி, அதில் ஐஓ பாக்ஸும் முகப்புத் தட்டும் சேர்ந்ததா, சுவர் பூச்சு யார் பொறுப்பு, இவ்வளவும் எழுத்தில் வேண்டும். பூச்சு வேலைக்குத்தான் கடைசியில் சண்டை வரும்.

ஜிஎஸ்டி பில் கேளுங்கள். 18 சதவீதம் மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினால் வாரன்ட்டிக்கு நிற்க முடியாது. நீங்கள் ஜிஎஸ்டி பதிவு செய்தவர் என்றால் உங்கள் எண்ணைப் பில்லில் போடச் சொல்லுங்கள், உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். பில்லில் சீரியல் எண் இருக்கட்டும். பழைய கார்டுக்கு வாரன்ட்டி இருக்காது, ஒரு வாரம் மாற்றித் தருவதாக வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள்.

வாடகைக் கட்டடமா? துளை போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் ஒரு வரி எழுத்தில் வாங்கிவிடுங்கள். காலி செய்யும்போது கேபிள் யாருக்கு என்பதும் அதிலேயே இருக்கட்டும்.

கேபிள் டெஸ்ட் ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு. 500 ரூபாய் டெஸ்டர் எட்டு விளக்கு எரிகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். என் அலுமினியக் கேபிளுக்கும் எட்டும் எரிந்தது. சான்று தரும் கருவியின் விலை லட்சங்களில், வாடகைக்கு ஆளோடு வருவார்கள். நான்கு ஐந்து பாயின்ட்டுக்கு அது கட்டுப்படியாகாது. இருபதுக்கு மேல் போனால் கட்டாயம் கேளுங்கள். கேபிள் கம்பெனிகள் சொல்கிற 25 வருட வாரன்ட்டி, அவர்கள் அங்கீகரித்த ஆள் போட்டு, அந்த ரிப்போர்ட்டும் கொடுத்தால்தான் பெரும்பாலும் செல்லும்.

7. எப்போது, எத்தனை நாள்

ஆடியில் செய்யுங்கள், விட்டால் மார்கழி. கல்யாணம் இல்லாத மாதங்கள், ஆட்களும் கிடைப்பார்கள். நான் வைகாசியில் ஆரம்பித்து, சுவரைத் திறந்து போட்டுவிட்டு மூன்று முகூர்த்தத்தைச் சமாளித்தேன்.

மாட்யூலும் டாக்கும் ஆன்லைனில் வர ஒரு வாரம், பத்து நாள். தவறான கோடு வந்து திருப்பி அனுப்பினால் இன்னொரு வாரம். அதனால் பொருள் எல்லாம் கைக்கு வந்து, மேஜை மேலேயே எல்லாவற்றையும் இணைத்து ஓட்டிப் பார்த்த பிறகுதான் சுவரைத் தொட வேண்டும். இரண்டு மாடிக்கு இழுப்பு வேலை ஒரு நாள், பூச்சு காய இரண்டு நாள்.

8. ஆள் வேலை செய்யும்போது பக்கத்தில் நில்லுங்கள்

எலெக்ட்ரீஷியன் அண்ணன் நல்லவர்தான், ஆனால் அவருக்கு எல்லாமே வயர். காலியாக இருக்கிற கரண்ட் பைப்புக்குள்ளேயே லான் கேபிளையும் விடுவார். "வேண்டாம் அண்ணா, தனிப் பைப் போடுங்க" என்று சொல்லுங்கள். கரண்ட் வயருக்குப் பக்கமாக ஓடினால் ஒரு அடியாவது தள்ளி ஓடட்டும், குறுக்கே போனால் செங்குத்தாகத் தாண்டட்டும்.

முனை போடும்போது முறுக்கை அரை இஞ்ச்சுக்கு மேல் பிரிக்கக் கூடாது. பழக்கத்தில் இரண்டு இஞ்ச் உரித்து நேராக்கி அழகாக வரிசைப்படுத்துவார்கள். அழகு கூடக் கூட வேகம் குறையும். நிற வரிசை இரண்டு முனையிலும் ஒன்றாக இருக்க வேண்டும்: ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு. டை கட்டும்போது உறை நசுங்குகிற மாதிரி இறுக்க விடாதீர்கள். பரணில் பைப் இல்லாமல் விட்டால் எலி பார்த்துக்கொள்ளும்.

செலவோடு செலவாக ஃபைபருக்குப் பக்கத்தில் இன்னொரு ஃபைபரும், ஒரு நைலான் இழுகயிறும் பைப்புக்குள் விட்டுவிடுங்கள். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் டேப்போடு வைத்துப் போட்டோ எடுங்கள். அடுத்த வருடம் அலமாரிக்கு ஆணி அடிக்கும்போது அந்தப் போட்டோவைத் தேடுவீர்கள்.

9. ஐபி: வேகப் பாதையையே பயன்படுத்துகிறதா?

எல்லாம் இணைத்த பிறகும் எனக்கு 112தான் வந்தது. கம்ப்யூட்டரில் பழைய கிகாபிட் போர்ட்டிலும் கேபிள் இருந்தது, விண்டோஸ் அதன் வழியாகவே நாஸுக்குப் போய்க்கொண்டிருந்தது. தீர்வு இதுதான். 10ஜி கார்டுகளுக்குத் தனி ஐபி எண் (நெட்வொர்க்கில் ஒவ்வொரு கார்டுக்கும் உள்ள முகவரி) வரிசை கொடுங்கள்: நாஸுக்கு 10.10.10.1, முதல் எடிட்டருக்கு 10.10.10.2, அடுத்தது 10.10.10.3. சப்நெட் 255.255.255.0. கேட்வே கட்டத்தைக் காலியாக விடுங்கள். இன்டர்நெட் பழைய போர்ட் வழியாகவே வரட்டும். பிறகு நாஸ் டிரைவைப் பழைய பெயரில் திறக்காமல் 10.10.10.1 என்ற எண்ணை வைத்து மறுபடி மேப் பண்ணுங்கள். இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

இரண்டே கம்ப்யூட்டர் என்றால் ஸ்விட்ச்சே வேண்டாம். ஒரு டாக்கை நேராக மாட்டி இதே எண்களைக் கொடுத்தால் ஓடும், 15 ஆயிரம் மிச்சம்.

ஜம்போ ஃப்ரேம் என்று, ஒரு தடவையில் அனுப்பும் டேட்டா பொட்டலத்தின் அளவை வழக்கமான 1500 பைட்டிலிருந்து 9000 ஆக்கச் சொல்வார்கள். வழியில் இருக்கும் எல்லாப் பெட்டியிலும் அதே எண் இருக்க வேண்டும், ஒன்றில் விட்டுப்போனாலும் பாதி விஷயம் திறக்கும், பாதி தொங்கும். முதலில் 1500லேயே ஓட்டுங்கள். எனக்கு அதிலேயே 1,050 மெகாபைட் வருகிறது, அப்புறம் அதைத் தொடவே இல்லை.

10. மீதிப் பணம் கொடுப்பதற்கு முன்

கூலியில் பத்து சதவீதத்தைப் பிடித்து வையுங்கள். முதலில் ஐபெர்ஃப்3, இரண்டு திசையிலும். 10ஜிக்கு 9.4 கிகாபிட் பக்கம் வர வேண்டும். ஒரு திசையில் நன்றாக வந்து மறு திசையில் தடுமாறினால் முனையையோ மாட்யூலையோ சந்தேகப்படுங்கள். பிறகு எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் பெரிய காப்பி போட்டு இரண்டு மணி நேரம் விடுங்கள். ஏசியை நிறுத்திவிட்டு, மதியம் இரண்டு மணிக்கு. சூட்டில் விழுகிற லிங்க் அப்போதுதான் விழும். எங்களுக்கு ஒரு மாட்யூல் நாற்பதாவது நிமிடத்தில் விழுந்தது, மாற்றித் தந்துவிட்டார்கள்.